எரிமலையை ஏரிமலை என்று வாசித்தேன்

அன்புள்ள மகனுக்கு,

முதலில் இந்த எழுத்துக்காக என்னை மன்னித்துக்கொள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், ஆனாலும் என் எழுத்துகள் கோட்டில் நிற்பதில்லை. சில மேலே ஏறிவிடுகின்றன, சில பாரம் கூடிய தோணியைப் போல அமுங்கிவிடுகின்றன. ‘ண’ எழுதும்போது சுழிகளை எண்ணிக்கொண்டே போய் ஒன்று கூடவும் போட்டுவிடுகிறேன். ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் பிடிக்கிறது. ஐம்பது வருடம் வலை இழுத்து வலிக்காத விரல், ஒரு பேனையைப் பிடித்து வலிக்கிறது. நீ சிரிப்பாய். சிரி, எனக்கும் சிரிப்பாகத்தான் இருக்கிறது. காலையில் எழும்பித் தேத்தண்ணி குடிக்க முதல் கொப்பியைத் திறந்து, நேற்று எழுதியது இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது. நான் சொன்ன சொல் நான் நித்திரையான பிறகும் அங்கேயே கிடக்கிறது. எழுபத்தொரு வயதில் இப்படி ஒரு சந்தோசம் எனக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வகுப்பு திங்களும் வியாழனும் பின்னேரம் மாதா கோயில் மண்டபத்தில் நடக்கிறது. ஒன்பது பேர் படிக்கிறோம், ஆம்பிளை நான் ஒருவன்தான். டீச்சர் நாவற்குடாவில் இருந்து ஸ்கூட்டியில் வருகிறார், உன்னைவிட வயது குறைவு. ஒருநாள் ‘கச்சான்’ என்று எழுதச் சொல்லி, பக்கத்தில் படமும் கீறச் சொன்னார். எட்டுப் பெண்களும் தின்கிற கச்சான் கடலையைக் கீறினார்கள். நான் ஒரு பக்கம் சாய்ந்த தென்னை ஒன்றைக் கீறினேன். “என்ன ஐயா, கச்சான் மரத்தில காய்க்குமா?” என்று டீச்சர் கேட்டார். “இது கச்சான் காத்து, டீச்சர். தோணிக்காரனிட்டக் கச்சான் எண்டா அவன் வேற எதைக் கீறுவான்?” என்றேன். மண்டபமே சிரித்தது. உன் பிலோமினா மாமியும் சிரித்தாள். ஓம், அவளும் அந்த எட்டில் ஒருத்தி. முன் வாங்கில் இருக்கிறாள். என்னைவிட வேகமாக வாசிக்கிறாள். அவளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதை எழுதத்தான் இந்தக் கடிதம், ஆனால் அங்கே போய்ச் சேர எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

இதை ஏன் தொலைபேசியில் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். தொலைபேசியில் நான் ஒரு சொல் தொடங்கினால் நீ “சரி அப்பா, சரி அப்பா” என்று அதை முடித்துவிடுகிறாய். தாளில் நீ குறுக்கே வர முடியாது. வருகிற வியாழன் வகுப்பில் டீச்சர் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். நீ ஞாயிற்றுக்கிழமை காற்றைப் பார்த்து ஏறப்போவதாகச் சொன்னாய். அதற்கு முதல் நீ இதைக் கடைசிவரை வாசிக்க வேண்டும். அனுப்பிய பிறகு இந்தத் தாள்கள் மண்டபத்துச் சுவர்ப் பத்திரிகையில் ஒட்டப்படும். நான்தான் ஒட்டச் சொன்னேன். எங்கள் தன்னாமுனையில் வாசிக்கத் தெரிந்த எல்லாரும் வாசிக்கட்டும். அதற்கும் காரணம் இருக்கிறது.

நீ அனுப்பிய கடிதவுறை போன மாதம் வந்தது. அதற்குள் இங்கிலீசில் மூன்று தாள், நீயே கைப்பட எழுதிய தமிழில் ஒரு தாள். தொலைபேசியில் நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. “அது சும்மா ஒரு பேப்பர் அப்பா. பனிமலையில பட்டம் பிடிச்சு ஏறப்போறம், வீட்டாக்கள்ல ஒரு ஆள் சம்மதம் சொல்லணுமாம். நீங்க கைநாட்டு வைச்சாலும் காணும்.” கைநாட்டு என்று நீ சொன்னதும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. எனக்குப் பேர் எழுதத் தெரியும் என்று அப்போது உனக்குத் தெரியாது. வகுப்புக்குப் போவதை நான் உனக்கு ஒளித்து வைத்திருந்தேன், ஒருநாள் கடிதம் எழுதி உன்னைத் திகைக்க வைக்க வேண்டும் என்று. ஆகவே மை பூசிய பெருவிரலுக்குப் பதிலாகப் பேனையை எடுத்தேன். பழைய கொப்பியில் இருபது தரம் எழுதிப் பழகிவிட்டு, இங்கிலீசுத் தாளில் புள்ளடி போட்டிருந்த இடத்தில் என் பேரை எழுதினேன். என் வாழ்க்கையில் நான் வைத்த முதல் கையெழுத்து அது. கடைசி எழுத்தின் வாலை நீட்டி ஒரு வளைவும் போட்டேன். அவ்வளவு அழகாக இருந்தது.

நான் திருப்பி அனுப்பிய தாள்கள் கிடைத்த அன்று நீ கூப்பிட்டாய். “அப்பா, இது ஆர் வைச்ச கையெழுத்து?” என்றாய். “நான்தான் மனே” என்றேன். பிறகு நீ கேட்டாய், “எழுத மட்டுமா, வாசிக்கவும் வருமா?” என்று. அந்தக் கேள்வியை அன்று நான் பெருமையாக எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், நீ பயந்துதான் கேட்டிருக்கிறாய்.

உன் தமிழ்த் தாள் என்னிடமே இருந்தது. என் மகன் எழுதிய எழுத்து, இதைவிட வேறு என்ன பாடப்புத்தகம் வேண்டும் என்று அதை வாசிக்கத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு ஒரு வரி. மூன்றாவது வரியில் அந்தச் சொல் வந்தது. நான் அதை ‘ஏரிமலை’ என்று வாசித்தேன். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மலைக்கு மேலே ஓர் ஏரி. பூசையில் கெனசரேத்து ஏரி என்று கேட்டிருக்கிறேன். நாங்கள் வாவி என்கிறோம், புத்தகத்தில் ஏரி. என் மகன் எவ்வளவு தூரம் போனாலும் கடைசியில் ஒரு வாவியைத்தான் தேடிப் போகிறான் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வகுப்பில் அதை எழும்பி நின்று வாசித்தும் காட்டினேன். டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பித் தந்து, “அந்த முதல் எழுத்துக்குக் காலில கோடு இருக்கா ஐயா, பாருங்க” என்றார். நான் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோடு இல்லை. கோடு விழுந்தால் ஏ, விழாவிட்டால் எ, அது எனக்குத் தெரியும். எ. ரி. மீதியை நான் வாய்விட்டு வாசிக்கவில்லை.

நீ சொன்னது பனிமலை. பனி என்றால் எங்களுக்குத் தலையில் பட்டால் தடிமன் வருகிற ஒன்று. மார்கழி விடியலில் தோணிப் பலகை நனைந்திருக்குமே, அதுதான். அதில் பட்டம் பிடித்துச் சறுக்குவது என்றால் சின்னப்பிள்ளை விளையாட்டாகத்தான் எனக்குப் பட்டது. நீ போகிற நாட்டின் பேரிலேயே ஐஸ் இருக்கிறது என்று டீச்சர் படத்தில் காட்டியபோதுகூடச் சிரித்தேன். மீன் பழுதாகாமல் பெட்டியில் போடுகிற சாமானை ஒரு நாட்டுக்குப் பேராக வைப்பார்களா என்று. அந்தத் திங்களுக்குப் பிறகு ஐஸ் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே கண் திறந்து கிடக்கிற மீனைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மீதித் தாளை வாசிக்க ஒன்பது நாள் எடுத்தது. யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லவில்லை. நீ எதையும் மறைக்காமல் எழுதியிருந்தாய். வீட்டாருக்கு அவர்களுடைய மொழியில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உன்னைக் கூட்டிப்போகிறவர்கள் சொல்லியிருப்பார்கள். பொய் எழுத உனக்குக் கை வரவில்லை, சொல்லத்தான் வாய் வந்தது. அப்பனுக்கு வாசிக்கத் தெரியாது, மற்றவர்களிடம் காட்ட ரோசம் விடாது என்று நினைத்திருப்பாய். ஏழாவது வரியில் இருக்கிறது: ஆபத்து நேர்ந்தால், தேடிப் போகிறவர்களின் உயிருக்குப் பயம் உள்ள இடமானால், உடலை அங்கேயே விட்டு வருவதற்குக் குடும்பத்தார் சம்மதிக்கிறோம். அதற்குத்தான் நான் வாலை நீட்டி வளைவு போட்டிருக்கிறேன்.

அன்று உன்னைக் கூப்பிட்டு, “சுடுற மலையில பனி எப்பிடி மனே நிக்கும்?” என்று மட்டும் கேட்டேன். நான் வாசித்துவிட்டேன் என்று உனக்கு விளங்கிவிட்டது. நீ ஆறுதலாகச் சொன்னாய். மேலே பனி, உள்ளே நெருப்பு. உச்சியில் எந்நேரமும் கொஞ்சம் புகை. சில வருடம் அது சாம்பலைத் துப்பும், அந்தச் சாம்பல் பனிக்கு நடுவே கறுத்த கோடுகளாகக் கிடக்கும். சில இடத்தில் உள்ளே சூட்டில் உருகிக் குகையாகி, மேலே மட்டும் பனி மூடி நிற்கும். நாலு பேர் போகிறீர்கள். இயந்திரம் ஒன்றும் இல்லை, காலில் சறுக்குப் பலகை, இடுப்பில் வார், தலைக்கு மேலே எங்கள் வீட்டு முற்றத்தைவிடப் பெரிய பட்டம். கடல் காற்று அதை மலைக்கு மேலே தள்ளும், அது உங்களை இழுத்துக்கொண்டு போகும். மேல்நோக்கிப் பாய் விரித்து ஓடுவது போல என்று சொன்னாய். உன் குரலில் இருந்த துள்ளலை நான் கேட்டேன். அது எனக்குத் தெரிந்த துள்ளல்தான். முதல் முதல் தனியாகத் தோணி விட்ட அன்று எனக்கும் அது இருந்தது. “புகைதான் அப்பா, நெருப்பு வெளியில இல்ல” என்றாய். அதைக் கேட்டுத்தான் எனக்கு அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்தது. அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் இருபத்திரண்டு வருடமாகக் கதைத்ததில்லை.

உனக்குப் பதினாறு வயது. கச்சான் காலம். நீயும் நானும் உன் அம்மாவின் தம்பி செபஸ்தி மாமாவும் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் பூசணிக்காய் மாதிரிப் பெரிய வத்தகப்பழம் ஏற்றிக்கொண்டு வந்தோம். அந்தக் கரையில் சிறுபோகம் அறுத்து முடித்த வயல் வட்டையில் வைக்கோலுக்கு நெருப்பு வைத்திருந்தார்கள். புகை எங்களுக்குப் பின்னால் எழும்பி வாவிக்கு மேலே வந்துகொண்டிருந்தது. கச்சான் முதுகுக்குப் பின்னால் நின்று தள்ளியது. ஓட்டமாவடியில் துணி எடுத்துத் தைத்த புதுப் பாய், வயிறு புடைத்து நின்றது. நான் பின்னால் துடுப்பைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். பாய்க் கயிறும் என் கையில்தான் இருந்தது. தோணிக்காரன் பாய்க் கயிற்றைக் கையில் பிடிப்பான், ஒருக்காலும் கட்ட மாட்டான். காற்று எதிர்பாராமல் அடித்தால் கையைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான் தோணியில் உயிர். என் அப்பா என்னைத் தோணியில் ஏற்றிய முதல் நாள் சொன்னது அது. நானும் உனக்குச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு வெற்றிலை போட வேண்டும் போல இருந்தது. ஒரு கை துடுப்பில், மற்றக் கை கயிற்றில். மாமா முன்னால் பழக் குவியலுக்கு மேலே இருந்துகொண்டு, “மச்சான், நீ வெத்திலை போட்டு முடியுமட்டும் காத்து உனக்காகக் காத்துக்கொண்டு நிக்குமா?” என்று பகிடி பண்ணினான். “இண்டைய காத்து கட்டின மாடு மாதிரி நிக்கும்” என்றேன். சொல்லிவிட்டுக் கயிற்றைக் குறுக்குப் பலகைக்குக் கீழே கொண்டுபோய் இறுக்கி முடிச்சுப் போட்டேன். மிச்சம் கிடந்த நுனியை உன் கையில் தந்து, “இதைப் பிடிச்சிரு மனே” என்றேன். முடிச்சைப் பற்றி உனக்குச் சொல்லவில்லை. நீ முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். கயிறு உன்னிடம்தான் இருக்கிறது என்று நினைத்து நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய்.

அப்போது காற்று செத்தது. பாய் தொங்கிப்போய்விட்டது. நான் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே நல்லதுதான் என்று நினைத்தேன். திரும்பிக் கரையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், புகை அதுவரை எங்களை நோக்கிச் சாய்ந்திருந்தது, இப்போது நேரே மேலே போனது. எரிகிற இடம் சுற்றியுள்ள காற்றையெல்லாம் தன்னிடம் இழுக்கும். இழுத்து வைத்துவிட்டு எந்தப் பக்கத்தால் விடும் என்று சொல்ல ஏலாது. பக்கத்தால் விட்டது. பாய் ஒரு அடியில் மறுபக்கம் போய் விழுந்தது. “விடு மனே, விடு!” என்று கத்தினேன். அதைக் கத்தும்போதே எனக்குத் தெரியும், நீ விட்டாலும் அது போகாது. பிறகு தண்ணீர்தான். நூற்றுக்கணக்கான வத்தகப்பழம் சுற்றிவர மிதந்தது. ஒவ்வொன்றும் செபஸ்தியின் தலை என்று நினைத்து நான் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன்.

உன்னைக் கவிழ்ந்த தோணியின் முதுகில் ஏற்றிவிட்டு நான் உள்ளே போனேன். மாமாவைத் தேடித்தான் போனேன், அதில் பொய் இல்லை. மூன்று தரம் போனேன். மூன்றாவது தரம் மூச்சு முடிந்து வரும்போது என் கை குறுக்குப் பலகையில் பட்டது. முடிச்சு அப்படியே இருந்தது. கரையில் இருந்து இரண்டு தோணி வருவதை நான் கண்டிருந்தேன். மேலே வந்து ஒரு மூச்செடுத்துக்கொண்டு திரும்பவும் போனேன். அந்த நாலாவது தரம் நான் அவனைத் தேடப் போகவில்லை. இடுப்புக் கத்தியால் முடிச்சை வெட்டப் போனேன். அந்த ஒரு மூச்சில் நான் பாய்க்குக் கீழே கை போட்டுப் பார்த்திருக்கலாம். அவன் அங்கேதான் இருந்தானா என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் கரைச் சேற்றில் நிற்கிற கண்ணா மர வேர்களுக்குள் அவன் கிடைத்தான்.

கரையில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. பாயை ஏன் விடவில்லை? கயிறு ஆரிட்ட இருந்தது? நான் சொன்னேன், “பொடியனிட்டக் குடுத்தன். பயத்தில பிடிச்சிற்று நிண்டுற்றான்.” நீ எனக்குப் பக்கத்தில்தான் நின்றாய், தண்ணீர் சொட்டச் சொட்ட. நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு உன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்தாய். அடுத்த கிழமையே கரையில் உனக்குப் பட்டப்பேர் வந்துவிட்டது. ‘பிடிச்சான்.’ பந்து விளையாடப் போனாலும் “டேய் பிடிச்சான், விட்டிராத” என்று கத்துவார்கள். புருசனை இழந்த பிலோமினா மாமி உன்னைத் தன் வாசலில் ஏறவிடவில்லை. உன் அம்மா உன்னைத் திட்டவில்லை, ஆனால் தம்பியின் படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தும்போது உன்னைப் பக்கத்தில் கூப்பிடவும் இல்லை. அவள் ஆறு வருடத்துக்கு முதல் சாகும்வரை அதையே நம்பிக்கொண்டிருந்தாள். சொல்ல எனக்கு எத்தனையோ நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

பத்தொன்பது வயதில் நீ பாசிக்குடா ஹோட்டலுக்கு வேலைக்குப் போனாய். அங்கிருந்து கற்பிட்டிக் கடற்கரைக்கு, வெள்ளைக்காரர்களுக்குப் பட்டம் தூக்கிக் கொடுக்க. ஒரு வருடத்தில் நீயே அவர்களுக்குப் பழக்குகிறாய் என்று கேள்விப்பட்டேன். அந்த வருடம் நத்தார்ப் பெருநாளுக்கு வந்தபோது பட்டத்தின் கைபிடியைக் கொண்டுவந்து காட்டினாய். அதில் சிவப்பாக ஒன்று இருந்தது. “இஞ்ச பாருங்க அப்பா, இதைத் தள்ளினா பட்டம் செத்துப்போகும். எல்லாம் தன்பாட்டில விடும்” என்று சொல்லித் தள்ளிக் காட்டினாய். திரும்பவும் மாட்டித் திரும்பவும் தள்ளினாய். நான் மீன் வெட்ட வேண்டும் என்று எழும்பிப் போய்விட்டேன். உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க நீ ஏன் கயிறும் காற்றும் பிடிக்கப் போனாய் என்று ஊரில் கேட்பார்கள். எனக்குத் தெரியும். நான் ஒருநாளும் சொல்லவில்லை.

போன வருடம் நோர்வேயில் இருந்து கூப்பிட்டு ஒரு கதை சொன்னாய். பகிடியாகத்தான் சொன்னாய். பனி வெளியில் காற்றுத் தூக்கி எறிந்து உன்னை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. சிவப்பைத் தள்ள வேண்டும் என்று தெரிந்தும் நீ தள்ளவில்லை. கற்பாறைக்குக் கொஞ்சம் முன்னால் பட்டம் தன்பாட்டில் விழுந்துவிட்டது. “என்ட கை விடுதில்லை அப்பா. மற்றாக்களுக்குப் பழக்குறன், எனக்கு மட்டும் அந்த நேரத்தில கை விடுதில்லை. சின்னனிலயே அப்பிடித்தானே” என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். தொலைபேசியை வைத்த பிறகு முற்றத்தில் போய் இருந்தேன். ஒரு பொய் இவ்வளவு தூரம் போகும், பனி வெளியில் போய் உன் கைக்குள் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இப்போது நீ அந்தக் கையோடு எரிகிற மலைக்குப் போகிறாய்.

மாமியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்று சொன்னேன். சுவரில் ஒட்டிய பிறகு அவள் வாசிப்பதைவிட, முதலில் என் கையால் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். இதற்கு முதல் நான் எழுதியவற்றைத் திங்கட்கிழமை வகுப்பு முடிய அவளிடம் கொடுத்தேன். மற்றவர்கள் போய்விட்டார்கள். அவள் முன் வாங்கில் இருந்து எழுத்துகளுக்குக் கீழே விரலை வைத்து வைத்து வாசித்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க ஏலவில்லை, விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் மணி அடித்தது. டீச்சர் கதவைப் பூட்ட வந்து, எங்களைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றார். ஒரு இடத்தில் விரல் நின்றது. நெடுநேரம் நின்றது. பிறகு அவள் சொன்னாள், “முடிச்சுக்கு ஒரு ச் வரும் அண்ணே. நீங்க ‘முடிசு’ எண்டு எழுதியிரிக்கீங்க.” அவள் என் பேனையை வாங்கி இடையில் அந்த எழுத்தைப் போட்டாள். நாலு இடத்தில் போட்டாள். தாளை மடித்து என்னிடம் தந்துவிட்டு, “சரியா எழுதி அனுப்புங்க. அவன் பிழையா வாசிச்சிருவான்” என்றாள். அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. இன்று புதன்கிழமை, நாளை வகுப்புக்கு வருவாளா என்றும் தெரியாது. உன் தாளில் அந்த நாலு ச் மட்டும் என் கையெழுத்து இல்லை, பார்த்தால் உனக்கே தெரியும். அவள் எழுத்து கோட்டில் நிற்கும்.

போகாதே என்று எழுத நினைத்து இரண்டு தரம் எழுதி வெட்டினேன். அதைச் சொல்ல எனக்கு உரிமை இருந்திருந்தால் அதை நான் அன்று கரையில் தொலைத்துவிட்டேன். ஆனால் சிலதைச் சொல்வேன், தோணிக்காரன் சொல்வதாக எடுத்துக்கொள். அங்கே காற்று திடீரென்று செத்தால் சந்தோசப்படாதே. மூச்சு வாங்க நேரம் கிடைத்தது என்று இராதே. உச்சிப் புகையைப் பார். அது சாய்ந்திருந்தது நேரே நிமிர்ந்தால், அப்போதே பட்டத்தை இறக்கு, ஒன்றும் நடக்காவிட்டாலும் இறக்கு. மற்ற மூன்று பேரும் சிரித்தால் சிரிக்கட்டும். எந்தக் கயிற்றையும் எதிலும் கட்டாதே, கையிலும் சுற்றாதே. உனக்கு ஒருவர் மாட்டித் தந்தால், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், உன் விரலால் ஒரு தரம் கீழே தடவிப் பார். அப்பன் கொடுத்த கயிறானாலும் தடவிப் பார். தலையையும் மூடிக்கொள்.

அந்தத் தாளில் வைத்த கையெழுத்தை நான் திருப்பி எடுக்கிறேன். உன்னைக் கூட்டிப்போகிறவர்களிடம் சொல், அப்பா வாசிக்க முதல் வைத்துவிட்டார், இப்போது வாசித்துவிட்டார் என்று. வேண்டுமானால் இன்னொரு தாள் அனுப்பட்டும். இந்த முறை வாசித்த பிறகு வைப்பதா இல்லையா என்று சொல்கிறேன். செபஸ்தியை மூன்றாம் நாளாவது நாங்கள் கண்டெடுத்தோம். உன்னை ஓரிடத்தில் விட்டு வரச் சம்மதம் என்று என் பேர் ஒரு தாளில் இருக்க நான் சாக மாட்டேன்.

இனிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். இதைச் சுற்றி வளைத்து இத்தனை தாள் எழுதியிருக்கிறேன். அன்று நான் “விடு” என்று கத்தினேன். உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு பாய் அகலம்கூட இல்லை. நீ உடனே விட்டாய். இரண்டு கையும் விரிந்து, பத்து விரலும் தனித்தனியாக நின்றன. கயிற்று நுனி உன் மடியில் விழுந்தது. பிறகும் பாய் போகாததைக் கண்டு நீ அந்த விரிந்த கையால் கயிற்றில் அடித்தாய். நான் கண்டேன். இந்த உலகத்தில் அதைக் கண்டவன் நான் ஒருவன்தான். உன் கை விடுகிற கை, மனே. அன்று அது விடாமல் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே அப்படி ஒரு நேரம் வந்தால், கரையில் நான் சொன்னதை உன் கை நம்ப வேண்டாம். சிவப்பைத் தள்ளு. அது விடும்.

தாள் முடிகிறது. அடுத்த கிழமைக் கடிதத்துக்கு வேறு தாள் எடுத்து முதல் வரியை இன்றே எழுதி வைத்துவிட்டேன், கை சுகமாக இருக்கும்போதே. ‘மலையில் இருந்து இறங்கிய மகனுக்கு’ என்று எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தாகச் சரி பார்த்தாயிற்று, பிழை இல்லை. இரண்டாவது வரியை நீ கூப்பிட்ட பிறகு எழுதுவேன்.

அப்பா